மூன்று ரேப்பர்களும் ஒரு குறுந்தகடும்

2004ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், சென்னையில் நான் வேலை பார்த்துவந்த ஒரு சிறிய தமிழ் மாத இதழ், தன் ஆண்டு மலரை ஒட்டி ஒரு குறுந்தகட்டையும் சந்தாதாரர்களுக்கு இலவசமாக அனுப்புவதென்று முடிவு செய்தது. தமிழ் எழுத்துருக்கள், விசைப்பலகை மென்பொருள்கள், பழைய இதழ்களில் வந்த கட்டுரைகளின் தொகுப்பு ஆகியவை அதில் இடம்பெறும். அச்சுக்குத் தாள் வாங்குவதும், பைண்டரிடம் வேலை வாங்குவதும், மாதந்தோறும் இதழைத் தபாலில் சேர்ப்பதும் என் பொறுப்பாக இருந்தமையால், இந்தப் புதிய வேலையும் என் தலையில் வந்து விழுந்தது. மொத்தம் 3,000 தகடுகள். அவற்றில் 2,140 சந்தாதாரர்களுக்கு; ஏறத்தாழ 800 தை மாதப் புத்தகக் காட்சியில் தனியே விற்பதற்கு. இதழ் தயாரிப்பில் ஒன்பது ஆண்டுகள் பழகியவன் என்ற தைரியத்தில், இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று ஆசிரியரிடம் சொன்னேன். முடிவதற்கு மூன்று மாதங்கள் ஆயின. அந்த மூன்று மாதங்களில் வீணான பணத்தில் பெரும்பகுதி, ஒரே சொல்லை அச்சகத்தார் ஒரு பொருளிலும், குறுந்தகட்டுத் தொழிற்சாலையார் வேறு பொருளிலும், தபால் நிலையத்தார் மூன்றாவது பொருளிலும் எடுத்துக்கொண்டதால் வீணான பணம்.

முதல் தடுமாற்றம் விலை கேட்கும்போதே வந்தது. மூன்று இடங்களில் தொலைபேசியில் விசாரித்தேன். எல்லா இடத்திலும் “மூவாயிரம் சி.டி. டூப்ளிகேட் பண்ண வேண்டும்” என்றுதான் கேட்டேன். ஒருவர் சொன்ன விலையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இன்னொருவர் சொன்னார். மூன்றாமவர் மட்டும், “டூப்ளிகேஷனா, ரெப்ளிகேஷனா சார்?” என்று திருப்பிக் கேட்டார். இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தவன், அவர் பொறுமையாக விளக்கிய பிறகுதான் விழித்துக்கொண்டேன். டூப்ளிகேஷன் என்பது வெற்றுத் தகட்டை வாங்கி, அடுக்கடுக்காக எழுதிகள் பொருத்திய ஒரு கோபுரத்தில் வைத்து, ஒவ்வொன்றிலும் லேசர் ஒளியால் எழுதுவது. தகட்டினுள் உள்ள சாயப்படலம் சுடப்பட்டுத் தகவல் பதியும். ரெப்ளிகேஷன் என்பது அச்சில் வார்ப்பது; பிளாஸ்டிக் உருகி அச்சுக்குள் பாயும் அந்தக் கணத்திலேயே தகவல் முழுவதும் தகட்டின் உடம்பாகவே அமைந்துவிடும். முன்னது நூறு, இருநூறு படிகளுக்கு ஏற்றது. பின்னதற்கு அச்சு செய்யும் செலவு முதலிலேயே வந்துவிடுவதால், ஆயிரத்தைத் தாண்டினால்தான் கட்டுப்படியாகும். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாலே எது எது என்று தெரிந்துவிடும்: எழுதிய தகட்டில் சாயத்தின் பச்சையோ நீலமோ தெரியும், வார்த்த தகடு வெள்ளிபோல் இருக்கும்.

இதை ஆசிரியரிடம் எடுத்துச் சொல்லப் போனபோது வேறொரு சிக்கல். நான் “டூப்ளிகேட்” என்ற சொல்லை உச்சரித்ததுமே அவர் முகம் சுருங்கியது. “நம்ம பேர் போட்டு டூப்ளிகேட் சி.டி.யா தம்பி கொடுக்கப் போறோம்?” என்றார். பர்மா பஜார் நடைபாதையில் திருட்டுக் குறுந்தகடுகள் குவிந்து கிடந்த காலம் அது. தெருவில் அந்தச் சொல்லுக்குப் போலி என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது. போதாக்குறைக்கு, எங்கள் சந்தாப் பிரிவிலும் அதே சொல் புழங்கியது: ஒரே ஆளின் முகவரி இருமுறை பதிவாகியிருந்தால் அதுவும் டூப்ளிகேட். “டூப்ளிகேட் எல்லாம் எடுத்தாச்சா?” என்று யாராவது கேட்டால், தகடு தயாராகிவிட்டதா என்று கேட்கிறாரா, பட்டியலைச் சுத்தம் செய்தாயிற்றா என்று கேட்கிறாரா என்று ஒரு கணம் நின்று யோசிக்கவேண்டியிருந்தது. அன்றுமுதல் கடிதங்களில் “அச்சில் வார்த்தது”, “எழுதியது” என்றே எழுதத் தொடங்கினேன். அழகான கலைச்சொற்கள் அல்லதான். ஆனால் யாரும் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை.

தொழிற்சாலை கேட்ட முதல் பொருள் மாஸ்டர், அதாவது மற்றப் படிகளுக்கெல்லாம் மூலமாக அமையும் தகடு. கணினிப் பிரிவில் இருந்த தம்பி ஒரு வெற்றுத் தகட்டில் எல்லாவற்றையும் எழுதி, உறையில் போட்டுக் கொடுத்தார். வீட்டுக் கணினி, அலுவலகக் கணினி, அச்சகத்துக் கணினி என்று எங்கு போட்டாலும் அருமையாகத் திறந்தது. தொழிற்சாலை இரண்டு நாளில் திருப்பி அனுப்பிவிட்டது. காரணம் இதுதான்: தம்பி அதைத் தடம் தடமாக, விட்டு விட்டு எழுதும் முறையில் எழுதியிருந்தார். அவ்வாறு எழுதும்போது லேசர் ஒவ்வொரு தடத்தின் முடிவிலும் அணைந்து மறுபடி எரியும். அணைந்து எரிந்த இடத்தில் இணைப்புத் தழும்புகள் போன்ற சில தகவல் துண்டுகள் தங்கிவிடும். வீட்டுக் கணினி அவற்றைத் தாண்டிச் சென்றுவிடும். ஆனால் தொழிற்சாலையில் அதைப் பார்த்து அச்சுக்கான கண்ணாடி மூலத்தை, அதாவது கண்ணாடி மாஸ்டரை, எடுக்கும் இயந்திரம் முதலிலிருந்து கடைசிவரை இடைவிடாமல் படிக்கவேண்டியிருப்பதால் அந்த இடங்களைத் திருத்த முடியாத பிழையாகக் கணக்கிடும். எனவே, தகடு முழுவதையும் ஒரே மூச்சில் எழுதி, இனி எதையும் சேர்க்க முடியாதபடி மூடிக் கொடுக்க வேண்டும். எழுதும் மென்பொருளில் இதற்கு ஒரே ஒரு கட்டத்தில் குறியிட்டால் போதும். அந்தக் குறிக்காக எங்களுக்கு நான்கு நாள் போயிற்று.

திரும்பி வந்த தகட்டுடன் ஒரு தாளும் இருந்தது. அதில் பிளர் என்றொரு வரியும், இ-32 என்றொரு வரியும் இருந்தன. முதலாவது, ஒரு நொடியில் எத்தனை தகவல் துண்டுகளில் பிழை தென்படுகிறது என்ற கணக்கு. இசைத் தகட்டுக்கு ஃபிலிப்ஸும் சோனியும் 1980இல் வகுத்த ரெட் புக் என்னும் தரக்குறிப்பின்படி அது 220ஐத் தாண்டக் கூடாது. இந்தப் பிழைகளைப் படிக்கும் கருவி தானே திருத்திக்கொள்ளும். இரண்டாவது, திருத்தவே முடியாத பிழை; அது பூச்சியமாக இருக்க வேண்டும். எங்கள் தகட்டில் பிளர் 30க்குள்தான் இருந்தது. இ-32 பூச்சியமாக இல்லை. “பிளர் எவ்வளவு வந்தாலும் பேசிக்கலாம் சார், இ-32 ஒண்ணு வந்தாலும் பேச்சே இல்லை” என்றார் அங்கிருந்த மேற்பார்வையாளர். எந்தத் தொழிற்சாலையில் கொடுத்தாலும் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். நல்ல இடமாக இருந்தால் கேட்காமலே தருவார்கள். (ரெட் புக் என்பதைக் கேட்ட எங்கள் கணக்காளர் அந்தப் புத்தகத்தை வாங்கிய ரசீதைக் கேட்டது தனிக் கதை. சிவப்புப் புத்தகம் இசைக்கு, மஞ்சள் கணினித் தகவலுக்கு, ஆரஞ்சு எழுதும் தகட்டுக்கு, வெள்ளை வீடியோ தகட்டுக்கு என்று அட்டை நிறத்தால் அந்தத் தரக்குறிப்புகளுக்குப் பெயர் அமைந்திருக்கிறது.)

இரண்டாவது மாஸ்டரை நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நகரத்துக்கு வெளியே இருந்த அந்தத் தொழிற்சாலையில், செருப்பைக் கழற்றி, தலைக்கும் காலுக்கும் உறை மாட்டிக்கொண்டு உள்ளே போக அனுமதித்தார்கள். இத்தனை நாளும் காகிதத்தில் கண்டு குழம்பிய சொற்களெல்லாம் அங்கே ஒவ்வொன்றாகப் பொருளாக வந்து கையில் நின்றன. மேசைத் தட்டுப்போல வழவழப்பாகத் தேய்த்த கண்ணாடி வட்டின்மேல் ஒளிபட்டால் மாறும் பூச்சைப் பூசி, அதில் லேசரால் வரைந்து, கழுவி எடுத்தால் அது கண்ணாடி மாஸ்டர். அதன்மேல் மெல்லிய உலோகம் படியவைத்து, நிக்கல் கரைசல் தொட்டியில் மின்சாரம் செலுத்தி நிக்கலை வளரவிட்டு உரித்தெடுத்தால் வருவது ஃபாதர். ஃபாதரிலிருந்து அதேபோல் வளர்த்தெடுப்பது மதர். மதரிலிருந்து எடுப்பதுதான் ஸ்டாம்பர். கண்ணாடியில் குழியாக இருப்பது ஃபாதரில் மேடாகவும், மதரில் மறுபடி குழியாகவும், ஸ்டாம்பரில் மறுபடி மேடாகவும் இருக்கும். மேடு பிளாஸ்டிக்கில் அழுந்தினால் குழி விழும், அந்தக் குழி வரிசைதான் குறுந்தகடு. எங்களைப்போல் மூவாயிரம் அடிப்பவர்களுக்கு ஃபாதரையே ஸ்டாம்பராக மாட்டிவிடுவார்கள். அதனால்தான் எங்கள் விலைப்பட்டியலில் மதர் என்ற வரியே இல்லை. முந்தைய வாரம் நான் அதைக் கவனித்துவிட்டு, “அப்பாவுக்குக் காசு போட்டிருக்கீங்க, அம்மாவைக் காணோமே?” என்று தொலைபேசியில் கேட்டதை அந்த மேற்பார்வையாளர் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார் போலும், நான் உள்ளே நுழைந்ததும் இரண்டு பேர் சிரித்தார்கள். ஆனால் கேட்டது வீண் போகவில்லை. மறுபதிப்பு வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் மதர் எடுத்துவைக்கச் சொல்ல வேண்டும். இல்லையென்றால், ஃபாதர் தேய்ந்துபோனபின் மறுபடி கண்ணாடியிலிருந்து தொடங்கவேண்டிவரும்.

பழைய ஸ்டாம்பர் ஒன்றை என் கையில் கொடுத்தார்கள். மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர்கூடக் கனமில்லாத நிக்கல் தகடு. விளிம்பு பிளேடுபோல் கூர். சாய்த்துப் பிடித்தால் மயில் கழுத்து நிறங்கள் ஓடின. பக்கத்து இயந்திரத்தில், நன்றாக உலர்த்திய பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக் மணிகள் 300 டிகிரி செல்சியசை ஒட்டிய சூட்டில் உருகி அச்சுக்குள் பாய்ந்து, எண்ணி நான்கைந்து நொடிக்கு ஒன்றாகத் தகடுகள் வெளியே வந்துகொண்டிருந்தன. அப்போது அவை கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள அந்தத் தெளிந்த வட்டுக்குள் 1.6 மைக்ரான் இடைவெளியில் ஒரே சுருளாக, நடுவிலிருந்து வெளிவிளிம்பு நோக்கி, ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் நீளும் தடம் இருக்கிறது என்றால் நம்புவது கடினம். அடுத்த பெட்டிக்குள் போய் வெளியே வரும்போது அலுமினியம் பூசி வெள்ளியாகிவிடுகிறது. அதன்மேல் லாக்கர் என்னும் காப்புப் பூச்சு ஒரு துளி விழுந்து, தகடு சுழன்று, புற ஊதா விளக்கின்கீழ் காய்ந்துவிடுகிறது. இந்த இடத்தில் மேற்பார்வையாளர் சொன்ன ஒன்றை அதன்பிறகு பலருக்குச் சொல்லியிருக்கிறேன். நாம் எல்லோரும் குறுந்தகட்டின் பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் கண்ணும் கருத்துமாகப் பாதுகாக்கிறோம். உண்மையில் தகவல் இருப்பது படம் அச்சிட்ட மேல்பக்கத்துக்கு மிக அருகில். அதற்கும் வெளியுலகுக்கும் இடையே இருப்பது அந்த மெல்லிய லாக்கரும் மையும் மட்டுமே. அடிப்பக்கக் கீறலைப் பெரும்பாலும் தேய்த்துச் சரிசெய்யலாம், மேல்பக்கம் ஆழமாகக் கீறினால் அலுமினியமே பெயர்ந்து வந்துவிடும். டி.வி.டி. அப்படியன்று, அது 0.6 மில்லிமீட்டர் வட்டுகள் இரண்டை ஒட்டியது, தகவல் நடுவில் பத்திரமாக இருக்கும். இந்த வேறுபாடு எனக்குத் தபாலில் எவ்வளவு முக்கியமாகப் போகிறது என்று அன்று தெரியாது.

தகட்டின் நடுத்துளையைச் சுற்றி, தகவல் தொடங்கும் முன் ஒரு வெற்று வளையம் இருக்கும். அதைக் கண்ணாடிப் பட்டை என்ற பொருளில் மிரர் பேண்டு என்பார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அதில் நம் தகட்டின் எண்ணும், ஐ.எஃப்.பி.ஐ. (உலக இசைப்பதிவு நிறுவனங்களின் கூட்டமைப்பு) என்ற எழுத்துகளுடன் ஒரு குறியீடும் தெரியும். எந்த இடத்தில் மாஸ்டர் எடுக்கப்பட்டது என்று கண்டுபிடிக்க 1994முதல் புழங்கும் அடையாளம் அது. திருட்டுத் தகடு பிடிபட்டால் எந்தத் தொழிற்சாலையிலிருந்து வந்தது என்று இதை வைத்துத் தேடலாம் என்பதால், முறையான தொழிற்சாலை எதுவும் உரிமைக் கடிதமில்லாமல் வேலையைத் தொடங்காது. எங்கள் தகட்டில் பதினேழு எழுத்துருக்கள் இருந்தன. அவற்றை உருவாக்கிய ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்க ஒன்பது நாள் ஆயிற்று. இதை முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டும்.

தகட்டின்மேல் அச்சிடுவது என்னுடைய சொந்தத் துறை. அங்குதான் மானம் போனது. மலரின் அட்டையில் இருந்த மஞ்சளையே தகட்டிலும் கேட்டிருந்தேன். வந்த மாதிரியில் அது பித்தளைக் குத்துவிளக்கின் நிறத்தில் இருந்தது. தாள் வெள்ளை, எனவே மஞ்சள் மஞ்சளாகத் தெரிகிறது. தகடு வெள்ளி, எனவே மைக்குள் வெள்ளி எட்டிப் பார்க்கிறது. முதலில் வெள்ளை மை ஒரு பூச்சு அடித்து அதன்மேல்தான் வண்ணம் அடிக்க வேண்டும், அதற்கு ஒயிட் பேஸ் என்று பெயர், அது தனிக் கட்டணம், எழுதிக் கொடுத்தால்தான் போடுவார்கள். முப்பது ஆண்டு அச்சு அனுபவமுள்ள எங்கள் வடிவமைப்பாளருக்கும் இது தோன்றவில்லை. அவர் ஒலிநாடாக் காலத்து ஆள். அதனால் இன்னொன்றும் நடந்தது. புத்தகக் காட்சிக்கான எண்ணூறும் ஜுவல் கேஸ் என்னும் கெட்டிப் பெட்டியில் வரவேண்டியவை. தொழிற்சாலை இன்லே கார்டு கேட்டது. ஒலிநாடாவுக்கு இன்லே என்றால் முன்னால் தெரியும் படத்தாள். எனவே அவர் முன்பக்கத்தை வரைந்து கொடுத்தார். குறுந்தகட்டுக்காரர்கள் இன்லே என்று சொல்வது பின்பக்கத்தில், தட்டுக்கு அடியில், இருபுறமும் மடிந்து முதுகாக நிற்கும் தாளை. முன்பக்கத்துக்குரியதை அவர்கள் புக்லெட் என்பார்கள், அது ஒரே தாளாக இருந்தாலும்கூட. ஆசிரியரின் படம் பெட்டியின் பின்பக்கத்தில் இரண்டு காதுகளும் மடிந்த நிலையில் இருந்த மாதிரியை அவரிடம் காட்டாமலே கிழித்துப்போட்டோம்.

இனி ரேப்பர். தமிழ் அச்சுலகில் புழங்கியவர்களுக்குத் தெரியும், ரேப்பர் என்றால் புத்தகத்தின், இதழின் மேலட்டை. “ரேப்பர் ஓடியாச்சா?” என்றால் அட்டை அச்சாகிவிட்டதா என்று பொருள். தபாலில் சேர்ப்பவனுக்கு ரேப்பர் என்பது இதழைச் சுற்றி ஒட்டும் பழுப்புக் காகிதப் பட்டை; முகவரிச் சீட்டு அதன்மேல்தான் இருக்கும். குறுந்தகட்டுத் தொழிற்சாலையில் ரேப்பர் என்பது பெட்டிமேல் இறுக்கிச் சுற்றும் கண்ணாடித்தாள். மூன்று ரேப்பர்களையும் நான் ஒரே வாரத்தில் சந்தித்தேன். பைண்டருக்கு, “சி.டி. உறையை ரேப்பரில் ஒட்டவும்” என்று துண்டுச்சீட்டு எழுதி அனுப்பினேன். பழுப்புப் பட்டையின் உட்புறம் ஒட்டினால் தகடு நகராது என்பது என் எண்ணம். பைண்டர் அண்ணன் நாற்பது ஆண்டுகளாகத் தனக்குத் தெரிந்த ரேப்பரின்மேல், அதாவது மலரின் முகப்பட்டையின் நட்டநடுவில், பசை தடவி ஒட்டிவிட்டார். நான் போய்ப் பார்ப்பதற்குள் இருநூறு படிகள் ஆகியிருந்தன. “நீங்கதானே தம்பி எழுதியிருக்கீங்க, ரேப்பர்னு?” என்று சீட்டை எடுத்து நீட்டினார். எழுதியிருந்ததுதான். அதே வாரம் தொழிற்சாலையிலிருந்து, “ரேப்பர் வேணுமா சார்?” என்று தொலைபேசி. பழுப்புப் பட்டை எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறதே என்று நினைத்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எண்ணூறு பெட்டிகளும் கண்ணாடித்தாள் இல்லாமல், ஒன்றோடொன்று உரசி, மூடி முழுவதும் மெல்லிய கீறல்களுடன் வந்து இறங்கின. புத்தகக் காட்சியில் அவற்றைப் பார்த்த ஒருவர், பழைய சரக்கா என்று கேட்டார்.

அட்டையில் தகடு ஒட்டப்பட்ட அந்த இருநூறில் ஒன்றை எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போனேன். எங்கள் இதழ் பதிவுபெற்ற செய்தித்தாள் என்ற வகையில் சேரும். 50 கிராம் வரை 25 பைசா என்று தொடங்கும் சலுகைக் கட்டணம் அப்போது அதற்கு இருந்தது. அத்துடன் முன்கட்டணமின்றி அனுப்பும் உரிமமும் இருந்ததால் தபால்தலை ஒட்டவேண்டியதும் இல்லை. மாதத்தில் குறித்த தேதியில், குறித்த நிலையத்தில் சேர்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். தகட்டையும் இணைப்பு என்று சொல்லி அதே கட்டணத்தில் அனுப்பிவிடலாம் என்பது எங்கள் கணக்கு. அங்கிருந்த அம்மையார் மலரைப் புரட்டிப் பார்த்தார். தகட்டைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே போய் ஒரு பழைய புத்தகத்துடன் வந்தார். 1898ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்தின் 9ஆம் பிரிவு, செய்தித்தாளின் இணைப்பு என்பது அந்தச் செய்தித்தாளைப் போன்ற செய்திகளையே பெரும்பாலும் கொண்டிருக்க வேண்டும், அதன் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இதழின் பெயரும் வெளியீட்டுத் தேதியும் அச்சாகியிருக்க வேண்டும் என்கிறது. “இதுல பக்கம் எது சார், தலை எது?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தகட்டைச் சுழற்றிச் சுழற்றித் தேடினார். எனக்கும் விடை தெரியவில்லை. இணைப்பு என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு போனவன், அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் ஓர் உருவம் இருப்பதை அன்றுதான் கண்டேன். இன்று அந்தச் சட்டத்தின் இடத்தில் 2023ஆம் ஆண்டின் புதிய சட்டம் வந்துவிட்டது. ஆயினும் சலுகைக் கட்டண உறைக்குள் வேறொரு பொருளை நுழைக்கும் முன், மாதிரி ஒன்றைக் காட்டி எழுத்தில் பதில் வாங்கிவிடுவது எப்போதும் நல்லது.

ஆக, மலரை வழக்கம்போல் அனுப்பிவிட்டு, தகட்டைத் தனி உறையில், சாதாரணக் கடிதமாக அனுப்பவேண்டிவந்தது. இங்கே எடைத் தராசு எங்களுக்குப் பாடம் நடத்தியது. அப்போது கடிதத்துக்கு முதல் 20 கிராமுக்கு 5 ரூபாய். தகட்டின் எடை மட்டுமே 16 கிராம்; காகித உறையுடன் 18; தபால் உறையையும் சேர்த்தால் 20ஐத் தாண்டிவிடுகிறது. மெல்லிய காகிதம் தேடி இரண்டு நாள் அலைந்தேன். பிறகுதான் தலைகீழாக யோசிக்கத் தோன்றியது: எப்படியும் 20ஐத் தாண்டிவிட்டால், 40 வரைக்கும் ஒரே கட்டணம்தானே? மீதி இடத்தை அட்டைக்குக் கொடுத்துவிடலாம். இரு புறமும் கெட்டி அட்டை வைத்து 39.5 கிராமில் ஓர் உறையை முடிவு செய்தோம். கார்த்திகை மழையில் அந்த அட்டைகள் ஈரம் குடித்து, நிலையத்துத் தராசில் 40ஐத் தாண்டி நின்றன. அட்டையை ஓரம் வெட்டி 37க்குக் கொண்டுவந்தோம். எடைப் படியின் விளிம்பில் உறையை வடிவமைப்பவர்கள் மழைக்காலத்துக்கென்று இரண்டு கிராமாவது விட்டுவைக்க வேண்டும்.

முதல் முந்நூறு உறைகளில் தபால்தலை ஒட்டி அனுப்பினோம். தலைகளை வழக்கம்போல் வலது மேல்மூலையில்தான் ஒட்டினோம். ஆனால் உறை தகட்டின் அளவுக்கே தைத்ததுபோல் இருந்ததால் தலைகளுக்கு நேர் கீழே தகட்டின் விளிம்பு இருந்தது. நான்காம் நாள் தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர் தகட்டைத் திருப்பி அனுப்பினார். பிறை வடிவில் ஒரு கீறல், அதன் நடுவே அலுமினியம் பெயர்ந்து ஊசி முனையளவு வெளிச்சம் தெரிந்தது. கீறலின் வளைவைப் பார்த்த எனக்கு எங்கோ பார்த்த உருவமாகவே பட்டது. உறையை எடுத்து மேலே வைத்துப் பார்த்தேன். தபால்தலைமேல் விழுந்த தேதி முத்திரையின் வட்டமும் அந்தப் பிறையும் அச்சாகப் பொருந்தின. முத்திரை இரும்பால் ஆனது, குத்துபவர் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் குத்துகிறார், உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. விழுந்த அடியோ, லாக்கர் மட்டுமே காவல் நிற்கும் மேல்பக்கத்தில் விழுந்திருக்கிறது. நிக்கல் ஸ்டாம்பரில் பிறந்த தகடு இரும்பு ஸ்டாம்பில் செத்தது என்று எங்கள் வடிவமைப்பாளர் சொன்னார். ஆசிரியர் சிரிக்கவில்லை.

பின்னர் இரண்டு மாற்றங்கள் செய்தோம். தகட்டைப் படம் உள்ள பக்கம் முகவரிக்கு எதிர்ப்புறம் இருக்குமாறு வைத்தோம். தபால்தலைக்குப் பதில், கட்டணத்தை உறையிலேயே அச்சிடும் ஃபிராங்கிங் இயந்திரத்தின் பதிவைப் போட்டோம். கட்டணமும் தேதியும் அந்தப் பதிவிலேயே இருப்பதால் அதன்மேல் யாரும் முத்திரை குத்துவதில்லை. இந்த வழி தெரிந்த பிறகும் ஓர் அடி மிச்சமிருந்தது, அது முழுக்க என் தவறு. ஒரு மாலை எழுநூறு உறைகளுக்குப் பதிவு போட்டு முடித்தபோது மணி எட்டு. மறுநாள் காலை கொண்டுபோனால், நேற்றைய தேதி என்று வாங்க மறுத்துவிட்டார்கள். ஃபிராங்கிங் பதிவில் உள்ள தேதியும் தபாலில் சேர்க்கும் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். இயந்திரம் இருக்கிறதே என்று அதை முந்தின நாளே ஓட்டிவைக்கக் கூடாது. கவுண்டர் எத்தனை மணிக்கு மூடும் என்று பார்த்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி வேலையைத் தொடங்க வேண்டும்.

முகவரிப் பட்டியலைப் பற்றித் தனியாகவே எழுதலாம். சுருக்கமாக ஒன்றை மட்டும் சொல்கிறேன். எங்கள் சந்தாப் பட்டியலை அகரவரிசையில் வைத்திருந்தோம். தபால் பிரிப்பவருக்கு அகரவரிசையால் பயனில்லை. 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த பின்கோடுதான் அவருடைய அகரவரிசை. ஆறு இலக்கங்களில் முதலாவது மண்டலம், முதல் இரண்டும் சேர்ந்து அஞ்சல் வட்டம், மூன்றாவது தபால் பிரிக்கும் மாவட்டம், கடைசி மூன்றும் கொண்டுபோய்க் கொடுக்கும் நிலையம். தமிழ்நாடும் கேரளமும் 6இல் தொடங்கும். 600 சென்னை, 625 மதுரை, 641 கோயம்புத்தூர். 9இல் தொடங்கினால் இராணுவ அஞ்சல். இந்த வரிசையில் சீட்டுகளை அச்சிட்டு, முதல் மூன்று இலக்கங்கள் ஒத்தவற்றை ஒரே கட்டாகக் கட்டி, மேலே ஊர்ப்பெயரும் எண்ணிக்கையும் எழுதிய சீட்டைச் செருகிக் கொடுத்தபோது, அதுவரை எங்களைக் கண்டாலே பெருமூச்சு விட்ட கவுண்டரில் முதன்முதலாக நாற்காலி போட்டார்கள். ஆனால் வரிசைப்படுத்தும்போது இருநூற்றுக்கும் மேற்பட்ட முகவரிகள் பின்கோடே இல்லாமல் பட்டியலின் தலையில் வந்து நின்றன. திறந்து பார்த்தால் எல்லாம் சென்னைக்காரர்கள். “சென்னை - 17”, “சென்னை - 4” என்று எழுதுவது அவர்களுக்குத் தலைமுறைப் பழக்கம். தட்டச்சு செய்தவர் அதை ஊர்ப் பெயரின் கட்டத்திலேயே போட்டுவிட்டார். 17ஐ 600017 என்றும் 4ஐ 600004 என்றும் மாற்றி எழுத ஒரு மதியம் போதுமானதாக இருந்தது.

கடைசியாகத் திரும்பி வந்தவை. தை முடிவதற்குள் 94 உறைகள் திரும்பின. பின்புறத்தில் அனுப்புநர் முகவரியை அச்சிட்டிருந்ததால் எங்களிடமே வந்தன. அது இல்லாதவை ஆர்.எல்.ஓ. என்னும் திருப்பி அனுப்பும் அலுவலகத்துக்குப் போய்விடும். அதைப் பழைய ஆட்கள் இன்றும் டெட் லெட்டர் ஆபீஸ் என்பார்கள். அந்த 94ஐயும் ஒரே குவியலாக வைத்து, எல்லாப் பெயரையும் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லியிருந்தேன். எங்கள் பகுதித் தபால்காரர் ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே அந்தக் குவியலைப் பிரித்துக் காட்டினார். “லெஃப்ட்னு எழுதியிருந்தா ஆள் காலி பண்ணிட்டுப் போயிட்டார், எடுத்துடுங்க. நாட் நோன்னா அந்தப் பேர்ல அங்க யாரும் இல்லை, உங்க டைப்பிங்கைப் பாருங்க. டோர் லாக்டுன்னா ஆள் இருக்கார் சார், ஊருக்குப் போயிருக்கார், மறுபடி அனுப்புங்க.” 94இல் வீடு பூட்டியிருந்தவை 31. தை மாதம் அல்லவா, பொங்கலுக்குச் சொந்த ஊர் போயிருக்கிறார்கள். அந்த 31 பேருக்கும் மாசியில் மறுபடி அனுப்பினோம். இரண்டைத் தவிர எதுவும் திரும்பவில்லை.